எல்லாத்துக்கும் மூணு

கையில் பேப்பரோடு எவனாவது குப்பத்துக்குள் வந்தால் எனக்கு ஆகாது. எழுபத்தியொரு வயசில் நான் பார்த்த பேப்பர் ஒன்றுகூட எங்களுக்கு நல்லது சொல்ல வந்ததில்லை. இந்தத் தடவை பேப்பர்கூட இல்லை. பெரிய செல்போன் மாதிரி சிலேட்டு அளவுக்கு ஒரு டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் அட்டை தொங்கியது. காலில் எண்ணூர் ரோட்டுப் புழுதி முட்டிவரை ஏறியிருந்தது.

"வணக்கம் தாத்தா. என் பேரு மகிழினி. வியாசர்பாடிலேந்து வர்றேன். ஒரு ஆராய்ச்சிக்காக இருவது நிமிசம் பேசணும்."

"இன்னா ஆராய்ச்சி? மீனா, கரண்டு கம்பெனி சாம்பலா?"

"ரெண்டும் இல்ல. ஓட்டு போடறவங்க மனசுல இன்னா கீதுன்னு பாக்கறாங்க."

"எந்தக் கட்சி அனுப்ச்சது?"

"எந்தக் கட்சியும் இல்ல தாத்தா. காலேஜ்ல ஆராய்ச்சி பண்றவங்க. யாருக்கு ஓட்டுன்னே கேக்க மாட்டேன். ஆள்றவங்களப் பத்தி, ஜனங்களப் பத்தி பதினாலு வாக்கியம் படிப்பேன். துளிகூட ஒத்துக்கலன்னா ஒண்ணு. முழுசா ஒத்துகினா அஞ்சு. நடுவுல எதுவோ அத்த சொல்லணும். அவ்ளோதான்."

"யாருக்கு ஓட்டுன்னு கேக்காத ஓட்டு விசயம் உலகத்துல எங்க கீது? வேற ஆளப் பாரு."

அவள் போகவில்லை. வீட்டில் பதினெட்டு வயசுக்கு மேல் எத்தனை பேர், யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்தது என்று கேட்டாள். பிள்ளைகள் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் என் பெண்டாட்டி குணசுந்தரியும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஆதாரில் ஒரே தேதி, ஜனவரி ஒன்று. எழுத உட்கார்ந்தவன் அவசரத்தில் எங்களை ஒரே நாளில் பெற்றுப்போட்டுவிட்டான். மகிழினி டேப்பில் எதையோ தட்டினாள். மிஷினே ஆளைப் பொறுக்கியது. பொறுக்கியது குணசுந்தரியை.

"ஆம்பள நான் இங்க குந்திகினு கீறேன். அவளாண்ட இன்னாத்துக்கு?"

"மிசினு எடுக்கறது தாத்தா. நான் மாத்த முடியாது."

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த குணசுந்தரி, "உள்ள வா பாப்பா, நான் சொல்றேன்" என்று குரல் கொடுத்தாள். நான் வாசலை விட்டு நகரவில்லை. "தலைவராண்ட கேட்டுட்டு வா" என்று சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவைத்தேன். அன்றைக்கும் மறுநாளும் எல்லா வாசலிலும் அவளுக்குக் கிடைத்த பதில் அதுதான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் ஆற்றில் எண்ணெய் வந்து வலையெல்லாம் தார் பூசினாற்போல் ஆனது. நஷ்டஈட்டுக்குக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். கடலுக்குப் போகிறாயா, ஆற்றில் பிடிக்கிறாயா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். இரண்டும் செய்கிறவர்கள்தான் எல்லோரும். ஒருவன் கடல் என்றான், ஒருவன் ஆறு என்றான். ஒருத்தி மருமகன் மணலியில் கம்பெனி வேலைக்குப் போகிறான் என்பதைப் பெருமையாகச் சொல்லிவைத்தாள். கடைசியில் லிஸ்டு ஒட்டினபோது பாதி ஊர் மீனவனே இல்லை. அன்றைக்கு ஊர் கூடி ஒரு கட்டு போட்டது. இனி வெளியாள் எதைக் கேட்டாலும் முதலில் சபை கூடும், ஊருக்கு ஒரு பதில் முடிவாகும், அதைத்தான் எல்லா வீடும் சொல்லும். சபையில் பேசினதை வெளியே விட்டவன் படகு ஏழு நாள் கடலில் இறங்கக் கூடாது.

எங்கள் தலைவர் சுப்புராயன் எனக்கு மச்சான் முறை. அந்தப் பெண்ணிடம் கேள்வித்தாள் ஒன்று வாங்கிவைத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் மீன் ஏலக்கூடத்தில் சபையைக் கூட்டினான். மகளிர் குழுத் தலைவி பவானி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாக்கியங்களைப் படித்தாள்.

"ஆட்சி நடத்துகிறவர்களுக்குச் சாதாரண ஜனங்களின் கஷ்டம் தெரியாது."

"அஞ்சு போடு. அதுக்கு மேல இருந்தா அத்தயும் போடு" என்று ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"பலமான தலைவர் ஒருவர் இருந்தால் சட்டசபை, கோர்ட் எல்லாம் குறுக்கே வரத் தேவையில்லை."

இதற்குப் பாதிப் பேர் ஐந்து என்றார்கள், பாதிப் பேர் ஒன்று என்றார்கள். சத்தம் கூடியது. நான் எழுந்தேன்.

"இன்னா ஏலம் கூவறீங்களா? அஞ்சுன்னு சொன்னாக்கா கவுருமெண்டுக்கு விரோதின்னு எழுதிக்குவான். ஒண்ணுன்னு சொன்னாக்கா இவனுங்க சந்தோசமாத்தான் கீறானுங்க, ஒண்ணும் செய்ய வாணாம்னு எழுதிக்குவான். நடுவுல நில்லு. எல்லாத்துக்கும் மூணு. மூணு சொன்னவன் மேல எவனும் கேஸ் போட முடியாது."

"மாமா சொல்றது கரெக்டு" என்றாள் பவானி. பிறகு தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "நடுவுல இன்னொண்ணு கீது மாமா. 'நீங்கள் கவனமாகக் கேட்கிறீர்களா என்று பார்ப்பதற்காக இந்த வரி. இதற்கு ஐந்து என்று சொல்லவும்.' இதுக்கு இன்னா சொல்றது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இங்கதான் கண்ணி வெச்சிகீறான்" என்றேன். "நான் மூணாங் கிளாசுதான். ஆனா எந்த வாத்தியாரும் விடைய சொல்லிக்குடுத்துட்டு கேள்வி கேட்டு நான் பாத்ததில்ல. அஞ்சு சொல்லுன்னு அவனே சொல்றான்னா, அஞ்சு சொல்றவன எதுலயோ மாட்டி வுடப் போறான். அதுக்கும் மூணு. அதுக்குத்தான் முக்கியமா மூணு."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எவனாவது வாய் தவறிவிடப் போகிறான் என்று, பதில் சொல்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பை சுப்புராயன் எனக்கே கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷின் பொறுக்கின இருபத்திநாலு பேரையும் ஏலக்கூடத்துக்கு வரச் சொன்னோம். மகிழினி முதலில் மறுத்தாள். அவரவர் வீட்டில், தனியாகத்தான் பேச வேண்டும் என்றாள். "இங்க பேசினா பேசு. இல்லன்னா இந்த ஊர்ல எவனும் பேச மாட்டான்" என்றான் சுப்புராயன், செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே. அவள் ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிக்க வேண்டும். மூன்று நாளாக ஒன்றும் முடியவில்லை. டேப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

கூடத்துக்குப் பின்னால் ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாக்கியத்தைப் படிப்பாள். எதிரே உட்கார்ந்தவன் என்னைப் பார்ப்பான். நான் "மூணு" என்பேன். அவன் வாய்க்குள்ளே மூணு என்பான். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை எனக்கு. அந்த மிஷின் சத்தத்தில் என் குரல் ஒன்றுதான் எழும்பியிருக்கும். பத்தாவது ஆள் போன பிறகு அவள் படித்து முடிப்பதற்குள்ளேயே மூணு விழுந்தது.

"அம்மா, நான் இன்னும் படிக்கவே இல்ல."

"நீ எத்த படிச்சாலும் மூணுதாம்மா. வூட்டுல கொழம்பு கொதிக்குது."

குணசுந்தரி முறை வந்தபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூணு என்றாள். பதினாலு தடவையும் என்னை முறைத்துக்கொண்டே மூணு என்றாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுப் போனாள். நாங்கள் ஒரு கண்டத்திலிருந்து தப்பித்தோம் என்று நான் டீ குடித்தேன்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மகிழினி மறுபடி வந்தாள். கையில் டேப் இல்லை, கழுத்தில் அட்டை இல்லை. குணசுந்தரி கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"டேப்ப வாங்கிட்டாங்க தாத்தா. நான் கள்ளத்தனமா எழுதிட்டேன்னு சொல்றாங்க."

"இன்னா கள்ளத்தனம்?"

"இருவத்திநாலு பேரும் பதினாலு வாக்கியத்துக்கும் மூணு. அஞ்சு சொல்லுங்கன்னு இருந்த வரிக்கும் மூணு. உலகத்துல எங்கயும் இப்டி வராதாம். ஒவ்வொருத்தருக்கும் இருவது நிமிசம் ஆவணும், எல்லாம் நாலு நிமிசத்துல முடிஞ்சிகீது. மேப்புல பாத்தா எல்லாம் ஒரே புள்ளி. நான் எங்கியோ நிழல்ல குந்திகினு நானே ரொப்பிட்டேனாம்."

"நாங்க பேசினது இல்லியா?"

"அதான் பெரிய பேஜாரு. நடுவுல முப்பது செகண்டு பேச்சு தானா பதிவாவும். இருவத்திநாலுலயும் கேக்கறது ஒரே கெயவன் கொரலு. வேற ஆளே இல்ல. ரோட்டுல போற ஒருத்தர இட்டாந்து குந்த வெச்சி மூணு மூணுன்னு சொல்ல வெச்சிட்டேன்னு சிரிக்கிறாங்க."

அந்தக் கிழவன் யார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை அவள் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு எரிந்தது.

இதற்கு முன்னால் அவள் ஒரு துணிக்கடையில் இருந்தவளாம். காலையிலிருந்து ராத்திரிவரை நின்று நின்று கால் வீங்கி, இந்த வேலை கிடைத்ததும் விட்டுவிட்டு வந்தவள். கள்ளத்தனம் செய்தவர்கள் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் இந்த மாதிரி ஆராய்ச்சி நடத்துகிற எந்த ஆபீசும் அவளைச் சேர்க்காது. மறுபடி அந்தக் கடைக்குத்தான் போய் நிற்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை எங்க சாரு வேதமாணிக்கம் வருவாரு. வூடு வூடா கேப்பாரு. ஆமா, இந்தப் பொண்ணு வந்துச்சு, எங்களாண்டதான் கேட்டுச்சுன்னு நீங்க சொன்னா போதும். வேற ஒண்ணும் கேக்கல."

"பாக்கலாம்" என்றேன். அவள் போய்விட்டாள்.

குணசுந்தரி காலி டம்ளரைத் தரையில் வைத்தாள். "அது பொயப்புல மண்ண அள்ளிப் போட்டது யாரு?"

"ஊரு முடிவு."

"ஊரு வாயத் தொறந்துச்சா? நீதான் தொறந்த. எனுக்கு மனசுல இருந்த நம்பரு வேற. உன் மூஞ்சிக்காக மூணுன்னேன்."

அன்றைக்கு அவள் போட்ட சோற்றை என்னால் தின்ன முடியவில்லை. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை சுப்புராயனைப் பார்க்கப் போனேன். ஏலக்கூடத்தில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், நாளைக்கி வர்றவராண்ட உண்மைய சொல்லிடலாம். ஊரு கூடித்தான் மூணுன்னு முடிவு பண்ணோம்னு."

"நீயா பேசற? கண்ணி, சூதுன்னு நீட்டி மொழக்கினது யாரு?"

"நான்தான். அத்தான் சொல்றேன்."

"அந்தப் பொண்ணு பாவம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இன்னிக்கி சபைப் பேச்ச வெளிய வுட்டா நாளைக்கி பெரிய கணக்கு ஒண்ணு வரும். அப்ப எவன் கட்டுக்கு அடங்குவான்? மறுபடியும் பாதி ஊரு மீனவன் இல்லன்னு லிஸ்டு ஒட்டுவான். நீதான் வந்து அழுவ."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

"அப்ப வர்றவருக்கு இன்னா பதிலு?"

"தெரியாது. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவ்ளோதான்."

இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் அது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேதமாணிக்கம் பைக்கில் வந்தார். ஐம்பது வயசிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மகிழினியும் வந்திருந்தாள். ஆனால் அவள் கூட வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்போல. ஏலக்கூடத்துத் தூணில் சாய்ந்து நின்றாள். துப்பட்டா நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

நான் என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வீட்டில் கேட்டார். "இந்தப் பொண்ணு உங்ககிட்ட கேள்வி கேட்டாங்களா?"

"தெரியாது."

"போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. டேப் வெச்சிருந்தாங்க."

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

இரண்டாவது வீடு, தெரியாது. மூன்றாவது வீடு, தெரியாது. அவள் வேலையைப் பிடுங்குவதற்கு இதைவிட நல்ல வழியை எதிரிகூடக் கண்டுபிடிக்க மாட்டான். ஐந்தாவது வீட்டில் பவானி. அவள் ஒருத்தியாவது ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்றாள். ஏழாவது வீட்டு வாசலில் வேதமாணிக்கம் நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். தூரத்தில் நின்ற மகிழினியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பைக்கை நோக்கி நடந்தார். அவள் சுருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

படகு என் பிள்ளைகளுடையது. ஏழு நாள் கரையில் கிடந்தால் இரண்டு குடும்பம் என்னைத் திட்டும். அந்த யோசனை வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் நான் பைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டிருந்தேன்.

"சார், நில்லு. அந்தக் கெயவன் நான்தான்."

"எந்தக் கிழவன்?"

"உன் மிசினுல மூணு மூணுன்னு கத்தறவன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பையிலிருந்து செல்போனை எடுத்தார். "எங்க, சொல்லுங்க பாப்போம்."

"மூணு."

செல்போனைத் தட்டினார். ஐஸ் மிஷின் இரைச்சல், நடுவில் "மூணு, மூணு" என்று ஒரு குரல். என் குரலை வெளியே நின்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காக்கா கத்துவது மாதிரி இருந்தது. இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் ஊரை அடக்கினேன் என்று இருந்தது.

"குரல் உங்களுதுதான்" என்றார். "ஆனா அந்தப் பொண்ணு உங்களை உக்கார வெச்சு சொல்ல வெச்சிருக்கலாமே. இப்ப வந்து பேசச் சொன்னதும் அவங்களா இருக்கலாம்."

"எனுக்கு எவனும் சொல்லிக்குடுக்க முடியாது. நம்பலன்னா என் பொண்டாட்டிய கேளு."

வாசலில் நின்ற குணசுந்தரி, "அது நெசம் சார்" என்றாள். "நாப்பத்தாறு வருசமா முயற்சி பண்ணிகினு கீறேன்."

அவர் சிரிக்கவில்லை. "சரி பெரியவரே, ஒண்ணு கேக்கறேன். ஒரு வரிக்கு அஞ்சுன்னு சொல்லுங்கன்னு தெளிவா எழுதியிருந்துச்சு. பச்சைப் பிள்ளைக்கும் புரியும். அதுக்கும் இருபத்திநாலு பேரும் மூணுன்னு ஏன் சொன்னீங்க?"

சபை கூடினது, பவானி படித்தது, நான் எழுந்து பேசினது எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியார் விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க மாட்டார், ஐந்து சொன்னவனை மாட்டிவிடப் பார்க்கிறீர்கள், அதற்காகத்தான் அந்த வரிக்கு மட்டும் நாங்கள் ரொம்ப உஷாராக இருந்தோம் என்றேன். சொல்லச் சொல்ல, சிரிப்பை அடக்கி அடக்கி அவர் முகம் இழுத்துக்கொண்டு போனது. முடிக்கும்போது பைக் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். கவனம் இல்லாதவனைப் பிடிக்கத்தான் அந்த வரியைப் போடறோம். உங்களை மாதிரி கவனமா யாருமே கேட்டதில்ல."

"இதுல சிரிக்க இன்னா கீது?"

"கள்ளத்தனமா ரொப்பறவங்க முதல்ல அந்த வரிக்கு அஞ்சு போட்டுடுவாங்க பெரியவரே. அவங்களுக்கு அது எதுக்குன்னு தெரியும். இந்தக் காரணத்தை எல்லாம் ஒருத்தர் உக்காந்து இட்டுக்கட்ட முடியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு தூணைப் பார்த்துக் கையை அசைத்தார். "மகிழினி, இங்க வாம்மா."

அவள் ஓடிவரவில்லை. மெதுவாக, நம்பாதவள் மாதிரி நடந்து வந்தாள். வீட்டுக்கு வீடு போகாமல் கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டது தப்பு என்று அவர் அவளைக் கண்டித்தார். தப்புதான் சார் என்றாள். எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும், அவரவர் வீட்டில், பக்கத்தில் ஒருத்தர்கூட இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைக்குள் என்றார். அப்படி எடுத்துக் கொடுத்தால், நடந்ததை ஆபீசில் சொல்லி அவள் பெயர் பட்டியலில் ஏறாமல் பார்க்கிறேன் என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் சுப்புராயனுக்குச் செய்தி போய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். என்னைப் பார்த்த பார்வையிலேயே ஏழு நாள் எழுதியிருந்தது.

"தலைவரே, ஊர் முடிவை நான் மதிக்கறேன்" என்றார் வேதமாணிக்கம். "ஆனா இதுல யார் பேரும் வராது. உங்க ஊர் பேரும் வராது. மேல இருக்கறவங்க எல்லாம் மோசம், ஜனங்க எல்லாம் ஒரே மனசு, ஒரே ஒரு தலைவர் வந்து எல்லாத்தையும் சரிபண்ணணும்னு தமிழ்நாட்டுல எத்தனை பேர் நினைக்கிறாங்க, எத்தனை பேர் நினைக்கலன்னு அளக்கறாங்க. அவ்வளவுதான். இதை வெச்சு ஒருத்தருக்கும் ஒண்ணும் கொடுக்கவும் மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க."

"எங்க குப்பம்னு தனியா லிஸ்டு வராதா?"

"வராது."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேன் தலைவரே" என்றாள் மகிழினி. அன்றைக்கு அவள் சத்தமாகப் பேசின முதல் பேச்சு. "மொத நாளே சொன்னேன். நீங்க போன்ல பேசிகினு இருந்தீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சுப்புராயன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. அவன் கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தான்.

"கட்டு போட்டது ஊருக் கணக்குக்கு. படகு, வலை, ஆளு எண்ற கணக்குக்கு. இது அது இல்ல. அவங்கவங்க மனசு, அவங்கவங்க வூடு. கேட்டுகினு போம்மா." பிறகு என் பக்கம் திரும்பினான். "ஆனா சபைப் பேச்ச வெளிய வுட்டது வுட்டதுதான் மச்சான். அதுக்கு அப்பால பேசறேன்."

"பேசு" என்றேன். மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. அவன் என்ன தீர்ப்பு சொன்னாலும் சரிதான் என்று தோன்றியது.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மகிழினி வீடு வீடாகப் போனாள். கூடத்தில் நாலு நிமிஷத்தில் எழுந்து போனவர்கள் இப்போது முக்கால் மணி நேரம் பிடித்துவைத்துப் பேசினார்கள். ஒரு நம்பர் கேட்டால் ஒரு கதை சொல்லிவிட்டு நம்பரைச் சொல்ல மறந்தார்கள். பவானி வீட்டில் வாக்குவாதமே நடந்ததாம். அவள் நாலு என்று சொல்லிவிட்டு, இல்லை இரண்டு, இல்லை நாலே இருக்கட்டும் என்று மூன்று தடவை மாற்றினாளாம்.

எங்கள் வீட்டுக்கு ஞாயிறு காலையில் வந்தாள். "தாத்தா, நீங்க கொஞ்சம் வெளிய."

"என் வூடு இது."

"அலைய வேடிக்கை பாத்துட்டு வா, போ" என்றாள் குணசுந்தரி.

கடலோரத்துக் கருங்கல் குவியல்மேல் போய் உட்கார்ந்தேன். என் பெண்டாட்டி ஆள்கிறவர்களைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஓட்டுப் போடும்போது நான் எதைச் சொல்கிறேனோ அதைத்தான் குத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்துப் போனேன். இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மகிழினி முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னா சொன்ன?"

"உனுக்கு எதுக்கு?" என்றாள் குணசுந்தரி.

"பாப்பா, நீ சொல்லு."

"சொல்லக் கூடாது தாத்தா. சொன்னா மறுபடியும் டேப்ப வாங்கிடுவாங்க."

இன்றைக்குவரை எனக்குத் தெரியாது.

சுப்புராயனின் தீர்ப்பு செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் படகு இறங்கக் கூடாது. ஏழு நாள் இல்லை, இரண்டு நாள். புதனும் வியாழனும். என் மூத்தவன் குதிக்கத் தொடங்கினான். "நைனா, உன் வாயால ரெண்டு நாள் தொழிலு போச்சு" என்றான். நான் அவனை வானத்தைப் பார்க்கச் சொன்னேன். திங்கள் சாயங்காலமே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். புதனும் வியாழனும் எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை ஒரு படகும் இறங்காது என்று ஊருக்கே தெரியும். சுப்புராயனுக்கும் தெரியும். தீர்ப்பு சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. செல்போன் அடித்தது. மகிழினி.

"தாத்தா, இருவத்திநாலும் ஏத்துகினாங்க. ஒண்ணுலேந்து அஞ்சு வரைக்கும் எல்லா நம்பரும் வந்துகீதாம். சாரு பேசி என் பேரு எதுலயும் ஏறல. டேப்ப குடுத்துட்டாங்க. திங்கக்கிழமைலேந்து அத்திப்பட்டு."

"அங்க சாம்பல் பறக்கும். மூஞ்சில துணி கட்டிகினு போ."

"சரி தாத்தா."

"ஒரு விசயம். கூடத்துல குந்த வெச்சி கேக்காத. எவன் மெரட்டினாலும் வூட்டுக்குள்ள போய்க் கேளு."

"இனிமே எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்றாள். அந்தக் குரலில் துணிக்கடைப் பயம் இல்லை. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. ஏற வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

குணசுந்தரியிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, "அப்பாடா" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு எழுந்து தட்டை எடுத்தாள். நெத்திலிக் குழம்பு. மழைச் சத்தத்தில் இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றேன்.